பாராமல் பார்த்தல்: டிராப்ஸ் இலக்கணத்துக்கு ஓர் உரை

ஒருவர் ஆட மற்றவர் பார்ப்பது பழைய வழக்கம். பார்ப்பவர் காசு கொடுப்பதும் பழையதே. பார்த்ததற்காகப் பார்த்தவருக்கே கூலி கொடுப்பதுதான் புதிது. அப்புது வழக்கத்தின் தோற்றம், திணை, வழு, வழுவமைதி ஆகியவற்றை இவ்வுரை ஆராயப் புகுகிறது. இத்துறையில் முன்னாய்வு எதுவும் கிட்டவில்லை என்று இந்த இடத்தில் எழுதுவது ஆய்வேட்டு மரபு. தேடிப் பார்க்கவில்லை என்பதை இத்தனை கௌரவமாகச் சொல்ல வேறு வாக்கியம் கிடையாது என்பதால் நாமும் அதையே எழுதிவைக்கிறோம்.

முதலில் பொருள்வரையறை. வீடியோ கேம் ஆடுகிறவர் தம் திரையை நேரலையாக ஊருக்குக் காட்டினால் அவர் ஸ்ட்ரீமர். இத்தகைய நேரலைகளின் பெரிய சந்தை ட்விட்ச் என்னும் தளம். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம், எங்கள் விளையாட்டு ஓடும் நேரலையை இத்தனை மணி நேரம் பார், உன் துப்பாக்கிக்கு ஒரு வண்ணமோ உன் வீட்டுக் கதவுக்கு ஒரு படமோ தருகிறோம் என்று அறிவிக்கும். அந்த வண்ணத்துக்கு ஸ்கின் என்று பெயர். இந்த ஏற்பாட்டுக்கு டிராப்ஸ் என்று பெயர். ஸ்கின் போட்டதால் துப்பாக்கி கூடுதலாகச் சுடாது, கதவு கூடுதலாகத் தாங்காது. ஆயினும் அதற்காக மணிக்கணக்கில் காத்திருக்க ஆள் உண்டு. ஏன் என்று கேட்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நமது கருதுகோள் இதுவே: பார்த்தல் வேறு, பார்த்ததாகப் பதிவாதல் வேறு. தளம் அறிவது பின்னதை மட்டும். கண் திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, பிரவுசரில் டேப் திறந்திருக்கிறதா என்றுதான் தெரியும். பேருந்து ஜன்னல் வழியே வீசிய துண்டு முழுப் பயணியாக மதிக்கப்படுவதுபோல இங்கே டேப்தான் பார்வையாளர். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் கீழே வரும் சிக்கல்களும், அவற்றுக்கு மக்கள் கண்டுபிடித்த உபாயங்களும் தாமே விளங்கிவிடும்.

இனி வரலாறு. 2007 மார்ச் மாதம், சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தம் வாழ்க்கையை இரவு பகலாக இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கினார். அவர் உறங்கும்போதும் ஒளிபரப்பு நிற்கவில்லை. ஜஸ்டின்.டிவி என்ற அத்தளம் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் விளையாட்டுப் பகுதி மட்டும் கொழுத்து வளர, 2011 ஜூனில் அது ட்விட்ச் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனது. 2014 ஆகஸ்டில் தாய்த்தளம் மூடப்பட்டது. அதே மாதம் அமேசான் மகளைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தமிட்டது. ஆக, உறங்குகிறவரை உலகுக்குக் காட்டுவது இத்தளத்தின் ஆதி மரபு என்பது நிறுவப்பட்டது. அம்மரபு முழு மலர்ச்சி அடைந்தது 2020-இல்.

அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று ரயட் கேம்ஸ் நிறுவனம் வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டின் சோதனைப் பதிப்பைத் திறந்தது. உள்ளே நுழையக் காசு செல்லாது. ட்விட்சில் நேரலை பார்க்க வேண்டும். 2 மணி நேரம் பார்த்தவர் குலுக்கலுக்குத் தகுதி பெறுவார். அனுமதி யார் தலையில் விழும் என்பது விதி. ஊரடங்குக் காலம் வேறு, உலகமே வீட்டில் இருந்தது. அந்த ஒரே நாளில் மக்கள் அவ்விளையாட்டைப் பார்த்தது 3.4 கோடி மணி நேரம். ஒரே சமயத்தில் கூடியிருந்தவர்கள் ஏறத்தாழ 17 லட்சம். 3.4 கோடி மணி நேரத்தை ஆண்டாக்கினால் 3,880 வரும். சிந்துவெளி நகரங்கள் சரிந்துகொண்டிருந்த நாளில் ஒருவர் திரைமுன் உட்கார்ந்திருந்தால் இப்போதுதான் எழுந்து கால் நீட்டியிருப்பார்.

இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அனுமதி எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதால் பார்வையாளர் போகவில்லை. பார்வையாளர் போகவில்லை என்பதால் ஸ்ட்ரீமரும் நிறுத்தவில்லை. சிலர் இருபத்துநான்கு மணி நேரமும் நேரலையை ஓடவிட்டு, தாம் படுக்கப் போகும்போது பழைய ஆட்டத்தின் பதிவை ஓட்டினார்கள். பார்வையாளரும் டேப்பைத் திறந்துவைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஆடுகிறவரும் உறங்க, காண்கிறவரும் உறங்க, எண்ணிக்கைமானி மட்டும் விழித்திருந்த இரவுகள் அவை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க. கூலி பேசப்பட்டது இருப்புக்கு, இருப்பு வழங்கப்பட்டது. வேலரன்ட்டின் அச்சோதனைப் பதிப்பு முதலில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, துருக்கி, ரஷ்யா ஆகிய இடங்களுக்கு மட்டும் திறந்திருந்தது. மற்ற நாடுகளிலிருந்து இரவெல்லாம் பார்த்தவர் நிலையைக் கைக்கிளை என்க.

கைக்கிளை என்றவுடன் திணை நினைவுக்கு வந்துவிட்டது. டிராப்ஸ் ஒழுக்கத்தின் முதல் திணை குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல், அதாவது கணக்கிணைப்பு. ட்விட்ச் கணக்கையும் விளையாட்டு நிறுவனத்தின் கணக்கையும் ஒன்றாக்கிய பிறகே வெகுமதி கைக்கு வரும். இங்கேதான் பெருந்துயரங்கள் தொடங்குகின்றன. இணைப்பு நடந்துவிட்டது என்று பச்சை நிறத்தில் சொல்லும். ஆனால் இணைந்தது பத்தாம் வகுப்பில் திறந்து, கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் சேர்த்து மறந்துபோன வேறொரு கணக்கோடு. ஸ்கின் அங்கே போய்ச் சேர்ந்து யாரும் காணாமல் கிடக்கும். இது களவொழுக்கம். அறத்தொடு நிற்க வேண்டிய தோழி வாடிக்கையாளர் சேவையில் அமர்ந்திருக்கிறாள். சில வேலைநாட்கள் கழித்து அவள், "குக்கீயை அழித்துப் பாருங்கள்" என்பாள்.

அடுத்தது முல்லை. இருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாக்கிய தொல்காப்பியர், பார்த்த நேரத்தைக் காட்டும் விழுக்காட்டுப் பட்டையைக் காணாமலே இத்திணையைச் சரியாக வகுத்துவிட்டார் என்பது வியப்பு. தலைவி கார்கால மேகத்தைப் பார்த்து வருவார் வருவார் என்று ஆற்றியிருந்தாள்; இக்காலத்தவர் 37 விழுக்காடு 38 ஆகுமா என்று பார்த்து ஆற்றியிருக்கிறார். மருதத்துக்குச் சான்று வேண்டுவோர் ரஸ்ட் என்னும் விளையாட்டின் டிராப்ஸைக் காண்க. அதில் எந்த நேரலையைப் பார்த்தாலும் கிடைக்கும் பொது வெகுமதியும் உண்டு, குறிப்பிட்ட ஸ்ட்ரீமரைப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும் தனி வெகுமதியும் உண்டு. ஆகவே ஒருவர் வீட்டில் கதவு, அடுத்தவர் வீட்டில் முகமூடி என்று தலைவன் தெருத் தெருவாகச் செல்ல நேர்கிறது. இரண்டு நேரலைகளை ஒரே சமயத்தில் திறந்துவைத்துக் காலத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால், கணக்கு ஒன்றுக்குத்தான் ஏறும். ஊடல் என்றால் இதுதான். நெய்தலைப் பின்னால் சொல்கிறோம். பாலைக்கு வழுவமைதியில் இடம் உண்டு.

வழு பலவகை. நேரலையே கருப்பாகி ஓர் எண்ணைக் காட்டுவது ஒன்று. 2000 என்றால் வலைப்பின்னல் கோளாறு, 3000 என்றால் காணொளியைப் பிரித்துக் காட்ட இயலவில்லை, 5000 என்றால் அந்த உள்ளடக்கமே இல்லை. எண்கள் ஆயிரம் ஆயிரமாகத் தாவுவதைப் பார்த்து இடையில் 999 பிழைகள் ஒளிந்திருப்பதாக அஞ்ச வேண்டாம். இதைவிடக் கொடிய வழு, நேரலை நன்றாக ஓட, விழுக்காடு மட்டும் நகராமல் நிற்பது. இதற்கு ஊரார் சொல்லும் மருந்துகள்: பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தல், வெளியேறி மீண்டும் நுழைதல், குக்கீயையும் கேஷையும் துடைத்தல், விளம்பரத் தடுப்பானை அணைத்தல், வேறு பிரவுசர், பிறகு கைபேசிச் செயலி, எதுவும் பலிக்காவிட்டால் இணைத்த கணக்குகளைப் பிரித்து மறுபடி இணைத்தல். கடைசியில் சொன்னது பாலை. இவற்றில் எது குணப்படுத்தியது என்று எவரும் அறியார். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துமுடிக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் விழுக்காடு உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வெகுமதிக் கணக்கைக் காட்டும் இன்வென்டரிப் பக்கம் அதைத் தாமதமாகக் காட்டுகிறது. சும்மா இருந்தவருக்கும் குணமாகிறது. ஆனால் சும்மா இருத்தல் ஒரு மருந்தென்று எந்த உதவிப் பக்கமும் எழுதாது.

இங்கே ஒரு பெரிய வாதம் உண்டு. நேரலையை ஊமையாக்கலாமா? ஆக்கலாம் என்பர் ஒரு சாரார். தம் மைத்துனருக்கு அப்படித்தான் கிடைத்ததென்று சான்று காட்டுவர். ஆக்கலாம், ஆனால் வீடியோவுக்குள் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொடக் கூடாது, பிரவுசரின் டேப்பைத்தான் ஊமையாக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். கேட்கும்போது எலுமிச்சம்பழத்தை எந்தக் கையால் சுற்றுவது என்பதுபோல் இருந்தாலும் இதில் விஷயம் உண்டு. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88-ஆம் பதிப்பு முதல், ஒரு பக்கம் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்து, குறைந்தது 30 நொடி ஓசையற்றும் இருந்தால், அதன் உள்கடிகாரங்களை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே விழிக்கவிடும். மின்கலம் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம். ஓசை எழுப்பும் பக்கங்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு. டேப்பை ஊமையாக்கினால் உள்ளே ஓசை ஓடுகிறது, வெளியே கேட்கவில்லை என்றே குரோம் கணக்கு வைக்கும். வீடியோவை ஊமையாக்கினால் ஓசையே இல்லை. ஆகவே இரண்டாம் சாராருக்கு ஓரளவு சாத்திரம் இருக்கிறது. முதல் சாராரிடம் இருப்பது மைத்துனர் மட்டுமே.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். ட்விட்ச் ஸ்ட்ரீமருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவு நொடிக்கு 6,000 கிலோபிட் வரை. அந்தத் தரத்தில் பார்த்தால் மணிக்கு 2.7 ஜிபி கரையும். நம்மூரில் பலர் வைத்திருக்கும் நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் 33 நிமிடத்தில் தீர்ந்துபோகும். எனவே அறிந்தோர் தரத்தை 160பி-க்கு இறக்கிவிடுவர். மணிக்குச் சுமார் 100 எம்பி. திரையில் நிற்பது மனிதனா மரமா என்று அதில் தெரியாது. பார்க்கப் போவதில்லை என்பதால் இது ஒரு குறையாக இதுவரை பதிவாகவில்லை.

வீடியோவை இறக்காமலே பார்த்ததாகக் கணக்கெழுதும் மென்பொருளும் உண்டு. நம் கருதுகோளின் கடைசிப் படி அதுவே: டேப் என்னும் துண்டையும் எடுத்துவிட்டு இருக்கையை மட்டும் வைத்துக்கொள்வது. டிராப்ஸ் முதலான வெகுமதி முறைகளை ஏமாற்றுவது குற்றம் என்று ட்விட்ச் தன் நடத்தை விதிகளில் எழுதியிருக்கிறது. கணக்கே போய்விடக்கூடும் என்பதால் இந்தப் படியை நாம் ஆராய்ச்சிக்கு மட்டுமே கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. படுத்துறங்கியவரின் டேப் மெய்யான பார்வை, டேப் இல்லாமல் உறங்கியவரின் கணக்கு பொய்யான பார்வை என்று பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? கோடு விளம்பரத்தில் இருக்கிறது. உறங்குகிறவர் முன்னும் விளம்பரம் ஓடும். டேப் இல்லாதவர் முன் ஓடாது.

சேனல் பாயின்ட்ஸ் பற்றியும் ஒரு சொல். இது தளமே தருவது. 5 நிமிடம் பார்த்தால் 10 புள்ளி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தோன்றும் பெட்டியை அழுத்தினால் 50. விட்டுவிடாமல் அழுத்தினால் மணிக்கு 320 சேரும். அந்தப் பெட்டியை ஆள் இல்லாமலே அழுத்தப் பிரவுசர் நீட்சிகள் வந்துவிட்டன. சேர்த்த செல்வத்தை எதில் செலவிடுவது? பல சேனல்களில், ஸ்ட்ரீமரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம். இன்னொருவர் தண்ணீர் குடிப்பதற்காகத் தம் நேரத்தைச் சேமித்துச் செலவிட்ட சமுதாயம் இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை. இதை ஈகை என்று சேர்ப்பதா, அதிகாரம் என்று சேர்ப்பதா என்று புறத்திணை வல்லார் முடிவு செய்க.

எஞ்சியது நெய்தல். மேற்சொன்ன எல்லா வழுக்களையும் கடந்து, தரத்தை இறக்கி, டேப்பை ஊமையாக்கி, சரியான கணக்கை இணைத்து 100 விழுக்காட்டை எட்டியவர்கள் இத்துறையில் ஏராளம். அவர்களுள் ஒரு பகுதியினர் வெறுங்கையோடு நிற்பதற்குக் காரணம் தளமும் அன்று, பிரவுசரும் அன்று. 100 ஆனதும் பொருள் தானாக வராது. இன்வென்டரிக்குள் போய், அதற்கென்று இருக்கும் கிளைம் பொத்தானைக் கெடு முடிவதற்குள் அழுத்த வேண்டும். பல திட்டங்களில், முந்தையதை அழுத்தினால்தான் அடுத்த வெகுமதிக்குக் கணக்கே தொடங்கும். ஆகவே வாசகர்களுக்கு நாம் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே: தூங்குங்கள், தடையில்லை, அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.