மொட்டைமாடித் தச்சர்

கிரகப்பிரவேச வீட்டில் எல்லோரும் சமையலறை மேடையையும் பூஜை அறை விளக்கையும் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து போயிருப்பார். மோதிரம் எதுவும் விழவில்லை. மேசையின் அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வேட்டியை உதறிக்கொண்டு, "இது தேக்கு இல்லீங்க. மரத்தூளை அமுக்கி மேல தாள் ஒட்டியிருக்கான்" என்பார். அந்த மேசைக்கு இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கேசரி இறங்காது.

அவர்தான் மொட்டைமாடித் தச்சர். தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். மாடியில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குப் 'பட்டறை' என்று பெயரும் வைத்திருப்பவர். "பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிறாராம்" என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். போக்குவதற்கு அவரிடம் பொழுது ஏது? காலை ஆறு மணிக்கு உளி தீட்ட உட்கார்ந்தால் பதினொரு மணிக்கு மனைவி மூன்றாம் முறை கூப்பிடும்போதுதான் எழுந்திருப்பார். அதுவரை மரத்தைத் தொட்டிருக்கமாட்டார்.

நான் பக்கத்திலிருந்து பார்த்தவர் மதுரைக்காரர், வங்கி மேனேஜராக இருந்தவர். இந்தக் கிறுக்குக்கு உலகப் பெரியவர்கள் பலருடைய ஆதரவு இருப்பதாகச் சொல்வார். அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1981 இல் வெள்ளை மாளிகையை விட்டு இறங்கியபோது, உடன் வேலை பார்த்தவர்கள் பணம் சேர்த்து அவருக்குத் தச்சுக் கருவிகள் வாங்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். கார்ட்டர் அதற்குப் பிறகு பல காலம் கட்டிலும் நாற்காலியுமாகச் செய்து தள்ளினார். நம்மவருக்கு வங்கியில் கொடுத்தது ஒரு பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும். கடிகாரச் சட்டத்தின் மூலைகளை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அன்று இரவே அதைக் கழற்றினார். ஆணிகூட இல்லை, வெறும் பசை. அதிலிருந்து அந்த வீட்டில் மணி எட்டே கால்.

இன்னொரு பெரியவர் ஜார்ஜ் நாகாஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1930களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி கட்டும் வேலையில் இருந்தவர், அதற்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தவர். பிற்பாடு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, பலகையின் வெடிப்பை மறைக்காமல் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கட்டை பதித்து, அதையே அழகாக்கிக் காட்டி உலகப் புகழ் பெற்றார். அவர் செய்ததில் இந்த ஒரு விஷயம்தான் நம்மவருக்கு ரொம்பப் பயன்பட்டது. ஆணி அடிக்கும்போது பலகை பிளந்தால் முன்பெல்லாம் முகம் சுருங்கும். இப்போது "நாகாஷிமா பாணி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆணியை எடுக்கிறார்.

கருவிகளில் அவருக்குச் செல்லம் இழைப்புளி. ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தையில், இறக்கை இல்லாத மின்விசிறிக்கும் யாரோ வாங்கிய கபடிக் கோப்பைக்கும் நடுவில், துருவேறிக் கிடந்தது. நெஞ்சு படபடக்க, ஒன்றும் தெரியாதவர் முகத்தோடு, "இது என்னப்பா?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "எழப்புளி சார். ஸ்டான்லி, நாலாம் நம்பர். உங்களுக்குத் தெரியாததா?"

பேரம் அத்தோடு முடிந்தது.

அதைக் கொண்டுவந்து இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டார். வீடு முழுக்க ஊறுகாய்க் கம்பெனி வாசனை. துரு போய் உப்புத்தாளால் தேய்த்த பிறகு, ஒன்பது அங்குல இரும்பு உடலும் இரண்டு அங்குல அலகும் பளபளவென்று வெளிவந்தன. லெனார்ட் பெய்லி என்பவர் கண்டுபிடித்த அமைப்பு இது, 1869 இல் ஸ்டான்லி கம்பெனி அதை விலைக்கு வாங்கியது என்ற வரலாறு அந்தத் தெருவில் பால்காரருக்கும் தெரியும். பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர முடியாமல் நின்று கேட்டவர் அவர்.

இழைப்புளி ஓடும்போது சுருள் சுருளாக வரும் சீவலை எடுத்து நாளிதழின்மேல் விரித்து, அடியிலுள்ள எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் அன்றைய வாழ்வு பூரணம். செய்தி என்ன என்று மட்டும் படிக்கமாட்டார். இப்படித் தெரிந்துகொண்டே போனதில், அலமாரித் தட்டுக்கென்று வாங்கிய ஒரு அங்குலப் பலகை ஒருமுறை அரை அங்குலத்துக்கு வந்துவிட்டது. "பலகை எங்கங்க?" என்று மனைவி கேட்டபோது, காலடியில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்ததைக் காட்டினார்.

உளி கூராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் அவருக்குத் தெரியும். முன்கை முடியை மழித்துப் பார்ப்பது. அதனால் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரோமம் கிடையாது. ஆயிரம் நம்பர் கல், ஆறாயிரம் நம்பர் கல், எட்டாயிரம் நம்பர் கல் என்று தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு ஆக்கிய உளியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். வெட்டினால் மழுங்கிவிடுமே.

ஒரு நாள் வாசற்கதவு சரிசெய்ய ஆசாரி வந்தார். நம்மவர் மாடிக்கு அழைத்துப் போய் இடுப்புயர வேலைமேசையையும் அதில் மாட்டியிருந்த இரும்புப் பிடியையும் காட்டினார்.

"இதுல என்ன சார் செய்வீங்க?"

"பலகை அசையாம இருக்கப் பிடிச்சு வைக்கிறதுக்கு."

ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பலகையின் ஒரு முனையைக் கால் விரல்களால் அழுத்திப் பிடித்து, நாலு இழுப்பு இழைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு நூல் எடுத்திடுங்க."

"ஒரு நூல்னா எட்டில் ஒரு அங்குலம். அதாவது 3.175 மில்லிமீட்டர்" என்றபடி வெர்னியரைத் திறந்தார் நம்மவர்.

"அதெல்லாம் எதுக்கு சார்? ஒரு நூலு."

வெர்னியர் திறந்து, விளக்கை நகர்த்தி, கண்ணாடியை மாற்றி அளந்து முடிப்பதற்குள் ஆசாரி அந்த நூலை எடுத்துவிட்டுக் கதவு வேலைக்கு இறங்கிப் போயிருந்தார். அளந்ததில் சரியாக இருந்தது. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். மாதம் ஒருமுறை ஆசாரி வந்து டீ குடித்துவிட்டு, எது எது தப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

மரத்தின் குணத்தை அவர் புத்தகத்தில் படித்ததும் உண்டு, பட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு. அறுத்து எத்தனை வருஷமானாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கி அகலத்தில் பெருக்கும், வறண்டால் சுருங்கும். நீளத்தில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த ஞானம் வருவதற்கு முன், அக்னி நட்சத்திரத்தில், காகிதம்கூட நுழையாத நெருக்கத்தில் ஒரு மேசை இழுப்பறை செய்தார். விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். மனைவியும் மனம் மகிழ்ந்து ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பேரனின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அதில் வைத்தார். ஐப்பசி அடைமழையில் இழுப்பறை இறுகிவிட்டது. அசைக்க முடியவில்லை.

"என்னங்க, ரேஷன் கார்டு எப்பதான் வெளிய வரும்?"

"தை பிறந்தால் வழி பிறக்கும்."

அந்த வருஷம் வழி பொங்கலுக்கு மறுநாள் பிறந்தது.

ஆனால் இவரை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பசை ஒட்டும் நாளில் பார்க்க வேண்டும். ஃபெவிகால் நம் நாட்டில் 1959 இல் வந்தது. அதற்கு முன் அடுப்பில் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டிய தச்சர்கள் இத்தனை பதறியிருப்பார்களா என்பது சந்தேகம். வெள்ளைப் பசையைத் தடவிவிட்டால் சில நிமிஷங்கள்தான் கெடு. அதற்குள் பலகைகளைச் சேர்த்து, கிளாம்ப் மாட்டி முறுக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து முடித்துவிட வேண்டும். தடவும் வரை எல்லாம் இருக்கும். தடவிய பிறகுதான் ஒரு கிளாம்ப் குறையும். மூன்று பலகைக்கும் நடுவே இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் அப்பா ஃபோனில் வருவார். மனைவி ஃபோனை இவர் காதில் வைப்பார். "சம்பந்தி, சௌக்கியமா?" என்று கேட்டால், "விடாதே, அழுத்திப் பிடி!" என்று பதில் போகும். அது மனைவிக்குச் சொன்னது என்று சம்பந்திக்குப் புரியவைக்க ஒரு தீபாவளி சீர் தேவைப்பட்டது.

அந்தக் குறைகிற கிளாம்ப்தான் அவருடைய நட்புக்கெல்லாம் ஆதாரம். ஒரு பல் டாக்டர், லாரி பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன், மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி. வயதிலோ வருமானத்திலோ பொருத்தமே இல்லாத இந்த நால்வர் கூட்டணி பல வருஷமாக உடையாமல் இருக்கிறது. அரசியல் பேசமாட்டார்கள். உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று பேசுவார்கள், அதிலேயே போதுமான பகை கிடைத்துவிடும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், மற்றது தள்ளும்போது அறுக்கும். எது உசத்தி என்ற விவாதத்தில் டாக்டரும் அண்ணனும் ஒரு ஆடி மாதம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் டாக்டருடைய கிளாம்புகள் அண்ணன் வீட்டில், அண்ணனுடையவை தம்பி வீட்டில், தம்பியுடையவை இங்கே. பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து மாதிரி யாருடையது எது என்றே தெரியாமல் கலந்து கிடக்கும்போது எப்படிப் பிரிவது? ஆவணி பிறந்ததும் டாக்டர் ஒரு புத்தக அலமாரிக்குப் பசை தடவினார். அண்ணன் கிளாம்போடு வந்து நின்றார். ரம்பத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மற்ற மூவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் சொல்லாமல், கைத்தடி செய்யத் தொடங்கினார்கள். டாக்டர் ஈட்டி மரத்தில், தம்பி வேம்பில், நம்மவர் பூவரசில். வீட்டுக்கு வந்த அன்று மூன்றும் கட்டிலோரம் நின்றன. மூன்றும் மூன்று உயரம்.

"உயரம் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார் அண்ணன் மனைவி.

"கேட்டா தெரிஞ்சு போயிடுமே மதினி" என்றான் தம்பி.

அண்ணன் மூன்றையும் வைத்துக்கொண்டார். டாக்டர் தடியை ஊன்றிக் காலையில் நடந்தார். தம்பி தடியை மாலையில். மேனேஜருடையது நெஞ்சு உயரம் இருந்ததால் பரண்மேல் சாமான் தள்ள எடுத்துக்கொண்டார். "மூணுலயும் இதுதான் தினம் உதவுது" என்று சொன்னார், மேனேஜர் காதில் விழும்படி.

நம்மவரிடம் ஒரு விசேஷ குணம். தான் செய்ததைக் காட்டும்போது முதலில் அதன் குறையைத்தான் காட்டுவார். "இந்த மூலையில பாருங்க, அரை நூல் இடைவெளி" என்பார். நீங்கள் கண்ணைச் சுருக்கித் தேடியும் தெரியாது. தெரியவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார், டார்ச் எடுத்து வருவார். கடையில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டூலுக்கு மூவாயிரம் ரூபாய் மரம் போட்டு, நாலு காலில் ஒன்று ஆடுகிறதென்று ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போய், கடைசியில் அதை மணையாகப் பூஜை அறைக்குக் கொடுத்தவர். அப்போது ஆசாரிதான் வழி சொன்னார். "சார், மூணு கால் வைங்க. எந்தத் தரையிலயும் ஆடாம உட்காரும்." வடிவியல் கைகொடுக்க, அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து முக்காலிகளாகப் புறப்பட்டன. சொந்த வீட்டில் இனி இடமில்லை என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவை வெளியூர் வரை போயிருக்கின்றன.

ஆகவே அவர் வீட்டுக்குப் போனால் முக்காலியில் உட்காருங்கள், காப்பி குடியுங்கள், "நல்லா இருக்கே" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த மாதம் ஒன்று உங்கள் வீட்டு வாசலில் இறங்கும். காசு வாங்கமாட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பசை தடவிய கையோடு, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் உடனே வர முடியுமா? ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்" என்பார். சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நீங்களும் கூட்டணியில் சேர்ந்தாயிற்று.