பெரியப்பனுக்கு லினக்ஸாமா!

ஏங்கண்ணு, மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கற உம் பெரியப்பனுக்கு உபுண்டு போட்டுக் குடுத்துட்டு, ராத்திரி பஸ்ஸுக்குப் பெங்களூரு கெளம்பறயாமா? சந்தோசம். "ஏதாச்சும்னா போன் பண்ணுங்க பெரியப்பா"ன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

2011-ல படிக்கற புள்ளைகளுக்குச் சர்க்கார் குடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்புலயே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக்காரங்க செஞ்சது. நம்ம தெருவுல அதைத் தொறந்த புள்ளைக எத்தனைன்னு எண்ணு, கைவெரலு மிஞ்சும். சரக்கு மோசமில்லை, முட்டிக்கிட்டு நின்னா கேக்கறதுக்குப் பக்கத்துல ஆளில்லை.

உம் பெரியப்பனுக்கு முட்டை வெலை பாக்கோணும், தீவனக் கணக்கு எழுதோணும், பில்லு பிரிண்டு எடுக்கோணும். அவ்வளவுதான். அதை அவரு கையால பண்ணச் சொல்லி, நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மவுஸைப் புடுங்குனயோ, தொலைஞ்ச.

பெங்களூருல இருந்தே கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள பூந்துருவேங்கற. எப்படிச் சாமி? பண்ணையில இருக்கறது சிம்கார்டு நெட்டு. கம்பெனிக்காரன் ஒரே முகவரிக்குப் பின்னால ஊரையே ஒளிச்சு வெச்சிருக்கான். வெளிய நின்னு நீ தட்டுனா கதவே தெரியாது. பெட்டிதான் உன்னையத் தேடி வரோணும். ரிவர்ஸ் எஸ்.எஸ்.ஹெச்சோ ரஸ்ட்டெஸ்க்கோ, கரண்டு போய் வந்தாலும் தானா எந்திரிக்கற மாதிரி வையி. இங்க இருக்கறப்பவே உம்போன் நெட்டுல இருந்து பூந்து பாத்துரு.

எல்.டி.எஸ். பதிப்பாப் போடு, அஞ்சு வருசத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்டு வரும். டைம்ஷிப்டுல நகல் எடுத்து வையி; அது சிஸ்டத்துக்குத்தான், தீவனக் கணக்குக்குத் தனியா ஒரு பென்டிரைவ் வேணும்.

போன்ல மட்டும் "டெர்மினலைத் தொறங்க"ன்னு சொல்லிப்போடாத. கருப்புத் திரையில பாஸ்வேர்டு அடிச்சா பெரும்பாலும் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு நாலு தட்டுத் தட்டுவாரு உம் பெரியப்பன். அப்புறம் "ஒண்ணுமே வரலை"ன்னு உனக்குப் போன் வரும். என்ன வரலைன்னு கேட்டீன்னா, "எதுவுமே வரலைடா"ம்பாரு. திரையைப் படம்புடிச்சு வாட்ஸப்புல அனுப்ப இன்னைக்கே பழக்கி உடு.

கடைசியா ஒண்ணு. நாமக்கல்லுல அவரு போற கம்ப்யூட்டர் கடைத் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி, பெட்டி மேல உன் நம்பரை எழுதி ஒட்டிட்டுப் போ. இல்லீன்னா தீவாளிக்கு நீ வாரப்ப அதுல விண்டோஸ்தான் ஓடும். போட்ட கூலியையும் உங்கிட்டத்தான் கேப்பாரு.