கரடிக்குக் குறி வைக்கிற பேராண்டிக்கு

ஏப்பா பேராண்டி, மேகமலைக் கரடிய எந்த எடத்துல சுட்டா ஒரே குண்டுல விழும்னு ஊரெல்லாம் விசாரிச்சியாமே? நேரா எங்கிட்ட வந்து கேக்கக் கூடாதா? கேட்டவரைக்கும் நல்ல காரியம். கேக்காமப் போயிச் சுட்டிருந்தயின்னா, இந்நேரம் நான் தேக்கம்பட்டி ஜெயில் வாசல்ல மனுவும் கையுமா நின்னுக்கிட்டிருப்பேன். இந்த முழங்கால வச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் நிக்க முடியாதுடா.

எவனோ வெள்ளக்காரன் அலாஸ்காவுல கரடி சுடுறதப் போன்ல பாத்தியாம். பாரு, தப்பில்ல. அந்த ஊருல சர்க்காரே சீட்டுக் குடுத்து, இன்ன காடு, இன்ன மாசம், ஆளுக்கு இத்தனைன்னு கணக்குப் போட்டுத்தான் சுட விடுது. அவனும் வருசக்கணக்கா அட்டையில சுட்டுப் பழகிட்டுத்தான் காட்டுக்குள்ள காலு வைக்கிறான். நீ? கொசு அடிக்கிற பேட்டுக்குச் சார்ஜ் போட மறந்துட்டு ராத்திரி பூராக் கையத் தட்டிக்கிட்டுக் கெடந்தவன். அதுல ஒரு கொசுவாச்சும் விழுந்துச்சா, சொல்லு.

சரி, கேட்டுட்ட. சொல்றேன். காதக் குடு.

தலையப் பாத்துச் சுடுறவன் சினிமாக்காரன். கரடி தலை ஒரு நிமிசம் சும்மா நிக்காது. மண்டையோடு வேற பின்னாடி சரிஞ்சு போகும், மேல தடிச்ச சதை. வெவரம் தெரிஞ்சவன் தேடுறது நெஞ்சுக்கூட்ட. பக்கவாட்டுல நிக்கிறப்ப, முன்னங்காலுக்கு ஒட்டுனாப்புல பின்னாடி, ஒடம்பு ஒசரத்துல கீழயிருந்து மூணுல ஒரு பங்கு. இருதயமும் நுரையீரலும் அங்கிட்டுத்தான் இருக்கு. எதுக்க நேரா வந்தாலும், முதுகக் காட்டிப் போனாலும் வெரல அசைக்காம இருக்கணும். அது பக்கவாட்டுல திரும்புற வரைக்கும் காத்துக் கெடக்கணும். திரும்பாமலே போயிருச்சா, வீட்டுக்கு வந்து கஞ்சியக் குடிச்சுட்டுப் படுக்கணும். இந்தக் கடைசி வரிய ஒன் வீடியோவுல வெட்டிருப்பாங்க.

இதுவரைக்கும் சொன்னது எல்லாக் கரடிக்கும் பொதுவு. நம்ம மலைக் கரடி தனி ரகம். பிடரியிலயும் முதுகுலயும் சடை சடையாத் தொங்கும் முடி. தூரத்துல இருந்து பாத்தா ஒரு வைக்கோல் பாரம் நடந்து வர்ற மாதிரி இருக்கும். அதுல ஒடம்பு எம்புட்டு, முடி எம்புட்டுன்னு நீ எப்பிடிக் கண்டுபிடிப்ப? ஆண் கரடிக்கு எடை நூறு கிலோவச் சுத்தித்தான். ஒன் கண்ணுக்கு எரநூறு தெரியும். நீ ஒடம்புன்னு நெனச்சுக் குறி வச்ச எடத்துல வெறும் மயிரும் காத்தும்தான் இருக்கும். அம்புட்டும் கருப்பு வேற. அந்தி மசங்குன நேரத்துல காலு எங்க முடியுது, வயிறு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒன்னும் பிடிபடாது. நெஞ்சுல மட்டும் வெள்ளையா ஒரு வளைவு இருக்கும். அது ஒனக்குத் தெரியுதுன்னா ஒன்னையப் பாத்து எந்திரிச்சு நிக்குதுன்னு அர்த்தம். அப்ப நீ குறி பாக்க மாட்ட, கொலசாமியத்தான் பாப்ப.

நம்ம கரடிக்குச் சோறே கரையானும் தேனும் பழமும்தான். சரக்கொன்றைக் காய், நாவப்பழம், எலந்தைன்னு எது உதுந்து கெடந்தாலும் விடாது. மேல்வாயில முன்னாடி ரெண்டு பல்லு கெடையாது. புத்த நகத்தால பேத்து, மண்ண ஊதித் தள்ளிட்டு, மூக்கு ஓட்டைய மூடிக்கிட்டு, அந்தப் பல்லுச் சந்து வழியா கரையான உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு கெசத்துக்கு அங்கிட்டுக் கேக்கும். தேனெடுக்கப் போற பளியங்ககிட்டக் கேட்டுப் பாரு, சத்தத்த வச்சே வழிய மாத்திப் போவாங்க. ஆனா உறிஞ்சுற மும்முரத்துல அதுக்கு நீ வர்றது கேக்காது. பக்கத்துல போயி நின்னதும் திடுக்குன்னு திரும்பும். ஓடிப்போற பழக்கமெல்லாம் அதுக்குப் பெறகுதான். மொதல்ல மூஞ்சி. முன்னங்கால் நகம் நாலு அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். புத்தப் பேக்கிற நகத்துக்கு ஒன் மூஞ்சி எம்மாத்திரம்?

வெள்ளக்காரன் காலத்து வேட்டைப் புத்தகங்கள்ல இன்னொரு வேடிக்கையும் எழுதி வச்சிருக்காங்க. சோடியாப் போற கரடியில ஒன்னுக்குக் குண்டு பட்டா, பக்கத்துல நிக்கிறதுதான் கடிச்சுருச்சுன்னு நெனச்சு அது மேல பாய்ஞ்சு சண்டை பிடிக்குமாம். பெங்களூருல கென்னத் ஆண்டர்சன்னு ஒரு தொரை இருந்தாரு, 1974ல காலமானவரு. மைசூர்ச் சீமையில அரசிக்கெரெ பக்கம் ஆளுக மூஞ்சியக் குதறிக் கண்ணத் தோண்டுன ஒரு கரடியப் பத்தி எழுதியிருக்காரு. புலியும் சிறுத்தையும் சுட்டுப் பழகுன கை. அந்தக் கைக்கே ஒத்தக் கரடி ஒரே நடையில அடங்கல. நீ ஞாயித்துக்கெழமை போயி முடிச்சுட்டு, திங்கக்கெழமை திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்துரலாம்னு கணக்குப் போடுற.

அதெல்லாம் பழங்கதை. 1972லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. புலி, யானையோட ஒரே வரிசையில, மொத அட்டவணையில ஒக்காந்திருக்கு நம்ம கரடி. சுட்டா மூணு வருசத்துக்குக் கொறையாம, ஏழு வருசம் வரைக்கும் உள்ள. 2022 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 25,000 ரூவாயில ஆரம்பம். ஏழு வருசம் கழிச்சு நீ வெளிய வர்றப்ப, ஒனக்குப் பேசி வச்ச பொண்ணு மகனப் பள்ளிக்கூடத்துல சேத்துருக்கும். நீ நெனைக்கிற மலை வேற இப்பச் சாதாரண மலை இல்ல. 2021 பிப்ரவரியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், நாட்டுக்கே 51வது. "தற்காப்புக்குச் சுட்டேன்"னு சொல்லிரலாம்னு பாக்குறியா? உசுரக் காப்பாத்த நல்லெண்ணத்தோட செஞ்சா சட்டம் விடத்தான் செய்யும். ஆனா அந்த நேரத்துல நீயே சட்டத்த மீறுற சோலியில இருந்திருந்தா விடாது. அதுவும் எழுதித்தான் வச்சிருக்கான். நாட்டுத் துப்பாக்கியும் டார்ச் லைட்டுமாக் காட்டுக்குள்ள போனவன் தற்காப்புன்னு சொன்னா, கரடி விடுறான்னு ஜட்ஜ் அய்யாவுக்குத் தெரியாதா?

ஆனா இன்னைக்கும் கரடிக்குக் குறி வைக்கிற மனுசன் ஒருத்தரு இருக்காரு. வனத்துறைக் கால்நடை டாக்டரு. தலைமை வன உயிரினக் காப்பாளரு எழுத்துல உத்தரவு குடுத்தாத்தான் அவரே துப்பாக்கியத் தூக்க முடியும். உள்ள குண்டு கெடையாது, ஊசி. சைலசினு, கீட்டமினுன்னு மருந்து, வாலுல ஒரு குஞ்சம். தோளு, தொடைன்னு சதை தடிச்ச எடத்துல எறங்கணும். மூஞ்சி, வயிறு, நெஞ்சு, முதுகெலும்பு ஆகாது. ஊசி கட்டையா இருந்து முடியிலயே நின்னுட்டா முடிக்குத்தான் மயக்கம் வரும். கொழுப்புல எறங்குனா மருந்து பையத்தான் ஏறும். நீங்கெல்லாம் கத்திக் கூப்பாடு போட்டு மெரள விட்ட மிருகத்துக்கு மருந்து சரியாப் பிடிக்காது. கூடப் போட்டா மூச்சு நின்னுரும். எடைய வேற கண்ணாலயே மதிக்கணும், தராசுல ஏறி நில்லுன்னு சொல்ல முடியாதுல்ல.

பட்ட ஒடனே அது சாஞ்சுராது பேராண்டி. அஞ்சு நிமிசமோ பத்து நிமிசமோ, இன்னும் கூடவோ ஆகும். அதுக்குள்ள எங்கிட்டு ஓடும்? போற வழியில தண்ணி கெடக்கா, பள்ளம் இருக்கா, புள்ளைக நிக்குதா? எங்க படணும்கிறது பாதிக் குறிதான். பட்டதுக்கு அப்புறம் அது எங்க போயி விழும்கிறது மீதிப் பாதி. அந்த மீதி தெரியாதவன் வெரல் துப்பாக்கிப் பக்கமே போகப்படாது.

2023 ஏப்ரல்ல திருவனந்தபுரம் பக்கம் வெள்ளநாட்டுல நடந்துச்சு. கோழி பிடிக்க வந்த கரடி ராத்திரியில கெணத்துல விழுந்துருச்சு. வெவரம் தெரிஞ்ச டாக்டருதான் ஊசி போட்டாரு. குறி தப்பல, மருந்தும் ஏறுச்சு. கீழ விட்ட வலையில நிக்காம, மயங்குன கரடி நழுவித் தண்ணிக்குள்ள போயிருச்சு. எறங்கித் தேடுனாங்க, தண்ணிய எறைச்சாங்க. பொணமாத்தான் மேல வந்துச்சு. படிச்ச கைக்கே அப்பிடி ஆகும்.

அதுக்கு மொத வருசம், 2022 நவம்பர்ல, தென்காசி சில்லாவுல கடையம் பக்கம். மோட்டார் சைக்கிள்ல மசாலா விக்கப் போனவரக் கரடி கீழ தள்ளிக் கடிச்சுருச்சு. காப்பாத்தப் போன ரெண்டு பேரையும் விடல. மூணு பேருக்கும் படுகாயம். அன்னைக்கே ஊசி போட்டுப் பிடிச்சு, களக்காடு முண்டந்துறைக் காட்டுல கொண்டுபோயி விட்டாங்க. கரடி பொழைக்கல.

இம்புட்டுத் தூரம் எதுக்கு? நம்ம ஊரு அரிக்கொம்பன எடுத்துக்க. கரடி இல்ல யானைதான், ஆனா பாடம் ஒன்னுதான். சின்னக்கானல்ல 2023 ஏப்ரல் 29ந் தேதி கேரளாக்காரங்க பிடிச்சப்ப ஒரு ஊசிக்கு அடங்கல, திரும்பத் திரும்பப் போட்டாங்க. பெரியாறு காட்டுல விட்டா, மேகமலையச் சுத்திட்டு மே 27ந் தேதி கம்பத்துத் தெருவுக்குள்ள நொழஞ்சுருச்சு. ஆட்டோவப் பொரட்டுச்சு, ஒரு மனுசன் உசுரும் போச்சு. 144 போட்டாங்க. நீங்க சும்மா இருந்தீகளா? மாடி மாடியா ஏறி நின்னு போனு. புளியந்தோப்புல அது பாட்டுக்கு ஒதுங்கி நின்னதுக்கு மேல ஒரு பய ட்ரோன் விட்டு மெரட்டி, போலீசு பிடிச்சுட்டுப் போச்சு.

அன்னைக்குத் தெருவுல நீ என்ன கத்துன? "இங்கேயே போட வேண்டியதுதான, கையெட்டுற தூரத்துலதான நிக்குது?" ஆமா, கையெட்டுற தூரந்தான். ஒன்னைய மாதிரி ஆளுகூடக் குறி தப்ப மாட்டான். ஊசிய வாங்கிட்டு அது எங்க ஓடும்? மார்க்கெட்டுக்குள்ள. எங்க விழும்? ஒன் அத்தை வீட்டு ஓட்டு மேல. அதனாலதான் டாக்டருமாரு பேசாம அது பின்னாடியே அலைஞ்சாங்க. சண்முகாநதி அணைப் பக்கம் நாள் கணக்கா அலைக்கழிச்சுச்சு. கொசுக்கடியில காத்துக் கெடந்து, ஜூன் 5ந் தேதி விடியுறதுக்கு முன்னாடி, சின்ன ஓவுலாபுரம் பக்கம் காட்ட விட்டு வெளிய வந்தப்ப ரெண்டு ஊசி போட்டாங்க. கும்கிக தயாரா நின்னுச்சுக, லாரி தயாரா நின்னுச்சு. ஏத்திக் கொண்டுபோயி மேல் கோதையாறு முத்துக்குழியில விட்டாச்சு. ரெண்டு ஊசிக்கு ஒம்போது நாள் பொறுமை. அதத்தான்டா குறின்னு சொல்றது.

ஒங்கிட்ட இருக்கிற சாமான் என்ன? ஒன் சேக்காளி வீட்டுப் பரண்ல கெடக்கிற நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்த இடிச்சு, பால்ரஸ் குண்டப் போட்டு அமுக்குனா முன்னாடி வெடிக்குமா, பின்னாடி வெடிக்குமான்னு அதுக்கே தெரியாது. அதுல போற குண்டுக்குக் கரடியோட நுரையீரல் எங்க இருக்குன்னு நீ வகுப்பெடுக்கப் போறியாக்கும். நுரையீரலுக்குப் போகாம வயித்துல பட்டுச்சுன்னா, அது ரெண்டு மூணு நாள் பொதருக்குள்ள கெடந்து சீப் பிடிச்சு, வலியோட நிக்கும். அந்தப் பொதரு ஓரமா மாடு மேய்க்கப் போறது நீயில்ல, எங்கிட்டோ ஒரு கெழவி. ஒன் குண்டுக்கு அவ மூஞ்சி கிழியணும். பன்னிக்குன்னு வைக்கிற அவுட்டுக்காயும் அப்பிடித்தான். கடிக்கிறது எதுன்னு அது பாக்குறதில்ல, வாயக் கிழிச்சுப்புடும். இதுல வீரம் எங்கடா இருக்கு?

கரடி வேணுமா, நான் வழி சொல்றேன். வெளிச்சம் இருக்கிறப்ப நாலு பேராப் போ. பேசிக்கிட்டே போ. ஒனக்குத்தான் வாய் ஓயாதே, அது அங்கதான் உபயோகம். சத்தம் கேட்டா தூரத்துலயே ஒதுங்கிரும். உறிஞ்சுற சத்தம் கேட்டா நீ ஒதுங்கிரு. குட்டி முதுகுல ஏறிப் போற தாயப் பாத்துட்டா போன எடுக்காத, மூஞ்சியத் திருப்பாம பைய பின்னாடியே வந்துரு. தோட்டத்துக்குள்ளயே வந்துருச்சா, ரேஞ்சு ஆபீசுக்குப் போனப் போட்டுட்டு வீட்டுக்குள்ள கெட. டாக்டரு வந்தா ஆள் சேத்துக்கிட்டுப் பின்னாடி போகாம இரு. அவரு குறிக்கு நீ செய்யக்கூடிய பெரிய ஒத்தாசையே அதுதான்.

அந்தப் பரண்ல கெடக்கிற சாமான ரெண்டு பேருமாப் போயி நாளைக்கு வெள்ளன ஸ்டேசன்ல ஒப்படைச்சுருங்க. அதுவரைக்கும் கரடி பேச்ச டீக்கடையில மட்டும் எடுத்துராத. அங்க ஒக்காந்து காது குடுக்குறவங்கள்ல பாதிப்பேரு பாரஸ்ட்காரனுக்கு மச்சினன்.