ஆளுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று

போன கிழமை வங்கிக் கவுண்டரில் இருந்த பிள்ளை என்னுடைய பெட்டியிலிருந்து ஒரு நாணயத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது விளையாட்டுக் காசா?" என்று கேட்டது. ஒரு பக்கத்தில் மகாராணி, மறுபக்கத்தில் பக்ஸ் பனி. கேட்கத்தான் செய்யும்.

"20 டொலர், பிள்ளை. 99.99 வீதம் சுத்த வெள்ளி. பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கேல்லை."

பிள்ளை மானேஜரிடம் போனது. மானேஜர் தன்னிலும் பெரிய மானேஜருக்கு ரெலிபோன் எடுத்தார். எனக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் போனது. கடைசியில் மிக மரியாதையாகப் பெட்டியைத் திருப்பித் தந்தார்கள். அதைப் போட அவர்களிடம் இடம் இல்லையாம். வங்கியில் காசு போட இடம் இல்லை!

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு லாச்சியிலும் இதே பெட்டி இருக்கிறது. 2011இல் ஐந்து மேப்பிள் இலைகளோடு தொடங்கினோம். அதே வருடம் வள்ளம் வந்தது. பிறகு துருவக்கரடி, ஓநாய், பனிப்பாறை, நத்தார் தாத்தா. கனடா நாணயசாலை 20 டொலர் நாணயத்தை 20 டொலருக்கே விற்றது. வரி இல்லை, தபால் செலவு இல்லை. வரி இல்லை என்று கேட்டபிறகும் கடனட்டையைத் தொடாத தமிழன் ஸ்காபரோவில் இன்னும் குடியேறவில்லை. கணக்கும் சரியாகத்தான் இருந்தது: வெள்ளி ஏறினால் லாபம், விழுந்தால் 20 டொலர் எங்கேயும் போகாது. 2011 சித்திரையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 49 அமெரிக்க டொலரைத் தொடப் பார்த்தது. அன்றைக்குக்கூட இந்த நாணயத்தில் இருந்த காலவுன்சின் பெறுமதி 12 டொலர்தான் என்று ஒருத்தர் எனக்குக் கணக்குக் காட்டினார். இப்படிப்பட்டவர்களை நான் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

எடை 7.96 கிராம். ஒரு பவுணுக்கு மயிரிழைதான் குறைவு. இதை மனைவிக்குச் சொன்னபோது, "பவுண் எண்டால் மஞ்சளா இருக்கும்" என்றார். எங்கள் ஆட்கள் ஏன் வெள்ளியைக் காலுக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள், கொலுசுக்கு மேலே ஏற ஏன் விடுவதில்லை என்பதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு ஒரு சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

வங்கியால் வந்த கோபத்தில் கனடாவின் நாணயச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். முகப்பெறுமதி 10 டொலருக்கு மேல் போனால், ஒரு கொடுப்பனவுக்கு ஒரே ஒரு நாணயம்தான் சட்டப்படி செல்லும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நாலு கடன் இருந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரே கடன். இரண்டு டொலர்க் குத்தியில் 40 டொலர் வரைக்கும் கடைக்காரரின் மேசையில் கொட்டலாம். வெள்ளியில் 40 டொலர் கொடுக்க இரண்டு நாள் வேண்டும். அதாவது ஆளுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று.

சரி, அப்படியே செய்வோம். காலையில் மீன்கடையில் ஒன்று, துருவக்கரடி. பக்கத்து ரேக்அவுட்டில் இடியப்பத்துக்கு ஒன்று. ஆனால் இங்கே ஒரு சிக்கல். கடைக்காரர் பொருளைத் தருவதற்கு முதலே "இது வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிட்டால் சட்டம் கையை விரித்துவிடும். கடன் வந்த பிறகுதான் சட்டம் வரும். ஆகவே முதலில் அனுபவித்துவிட்டுப் பிறகு காசு கொடுக்கிற இடமாகத் தேடவேண்டும். மீன்கடை போய்விட்டது. ரேக்அவுட்டும் போய்விட்டது. சீட்டுக்காரர் கடன்காரர்தான்; ஆனால் அவருக்குச் சட்டம் தெரியாது, குரல்தான் தெரியும்.

கோயிலை யோசித்துப் பாருங்கள். நேர்த்தி வைத்தால் அது கடன்தானே? இந்தியாவில் கோயில் மூர்த்தியைச் சட்டம் ஓர் ஆளாகவே ஏற்றுக்கொள்கிறது. ஒன்ராறியோவும் ஏற்றுக்கொண்டால் பிள்ளையாருக்கு ஒன்று, முருகனுக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று. வைரவருக்கு ஓநாய், நாயும் ஓநாயும் ஒரு சாதிதானே. நவக்கிரகத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரே நாளில் ஒன்பது கழியும். அண்ணனும் தம்பியும் தனித்தனி ஆட்களா, ஒரே குடும்பக் கணக்கா என்று ஐயரைக் கேட்டேன். ஐயர் எனக்கு விபூதி கொஞ்சம் கூடுதலாகவே தந்தார்.

இதிலும் வயிற்றெரிச்சல் ஒரு சதக் குத்தியால்தான். 2012இல் அதை அடிப்பதை நிறுத்தினார்கள். ஆனால் பெறுமதி போகாது, வங்கியில் மாற்றலாம் என்று அரசே சொன்னது. அந்த ஒரு சதத்துக்குப் பிரியாவிடையாக 20 டொலர் வெள்ளி நாணயமும் வந்தது. வாங்கினேன், வாங்காமல் இருப்பேனா? இப்போது செத்தவருக்கு வங்கிக்குள் இடம் இருக்கிறது. அவரின் நினைவுமலர் என்னுடைய லாச்சியில் கிடக்கிறது.

"இந்தப் பெட்டியை எப்ப காசாக்கப் போறியள்?" என்று மனைவி கேட்பது நிற்கவில்லை. குளிர்கால ரயர் வாங்கவேண்டும்.

நேற்று சட்டத்துக்கு முழுக்கப் பொருந்துகிற இடம் ஒன்று அகப்பட்டது: சலூன். முடியை வெட்டிய பிறகு திருப்பி ஒட்டவா முடியும்? கதிரையில் இருந்து எழும்பாமலே கரடி, வள்ளம், பனிப்பாறை என்று வரிசையாகப் பரப்பினேன். "ஒன்றை எடும் தம்பி. சட்டப்படி ஒன்றுதான்." தம்பி கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஆசையாகப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் இந்த நாணயத்தை வாங்கத் தயாராக நின்றார்.

"அண்ணை, அந்த சூப்பர்மானைத் தாங்கோ. மகனுக்குச் சரியான விருப்பம்."

சூப்பர்மானா? 2015 வரிசையில் அது போனால் மிச்சத்தை வைத்து என்ன செய்வது? கரடியைக் காட்டினேன். வேண்டாம் என்றார். நத்தார் தாத்தாவைக் காட்டினேன். பிறகு யோசித்துவிட்டு அதையும் நானே உள்ளே வைத்தேன். 20 டொலர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, ரிப்சும் வைத்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு வந்தேன்.