பன்றியும் பட்டப்படிப்பும்

அமெரிக்காவில் சின்னதொரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் கணினி அறிவியல் படிப்பதைவிடப் பெரும் பாக்கியம் கிடையாது. வகுப்பில் பத்துப் பேர்தான். பேராசிரியருக்கு உங்கள் பெயர் மட்டுமல்ல, எந்த வரிசையில் தூங்குவீர்கள் என்பதும் அத்துப்படி. கம்பைலர் பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். கவலை வேண்டாம், மட்பாண்டம் வனையும் வகுப்பு ஆண்டுதோறும் உண்டு.

பலன் இல்லாமலா? 1972-ல் ரீட் கல்லூரியில் சேர்ந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரே பருவத்தில் படிப்பை விட்டார். பிறகு அங்கே சும்மா போய் உட்கார்ந்த எழுத்துக்கலை வகுப்புதான் மெக்கின்டாஷுக்கு அழகிய எழுத்துருக்களைத் தந்தது என்றார். அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் ராபர்ட் நாய்ஸ் 1948-ல் விருந்துக்காகப் பன்றி திருடி, ஒரு பருவம் இடைநீக்கம் ஆனார். 1968-ல் கூட்டாளியோடு இன்டெலைத் தொடங்கினார்.

ஆகவே பாடத்திட்டக் குழுவுக்கு என் பணிவான பரிந்துரை: பன்றித் திருட்டு, நான்கு கிரெடிட், கட்டாயப் பாடம். செய்முறைத் தேர்வு நள்ளிரவில். பிடிபட்டால் டிஸ்டிங்ஷன்.

இன்னொன்று. நாய்ஸ் படித்த காலத்தில் அங்கே கணினி அறிவியல் துறையே கிடையாது. எனவே துறையை உடனே இழுத்து மூடுவதுதான் மாணவர் நலனுக்கு உகந்தது. கட்டணத்தை மட்டும் வழக்கம்போல் வாங்கிக்கொள்ளலாம்.