மண் சரியில்லை

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் எது செத்தாலும் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "மண் சரியில்லை." கத்தரி கருகியதற்கும் அதுதான், வெண்டை வெம்பியதற்கும் அதுதான். ஒரே கறிவேப்பிலைக் கன்றை மூன்று வருடம் மூன்று தடவை வாங்கி வைத்ததற்கும் அதுதான். ஜோசியருக்கு "நேரம் சரியில்லை" எப்படியோ, எனக்கு அது அப்படி. மறுத்துப் பேச மண்ணுக்கு வாய் கிடையாது.

என் மனைவிக்கு உண்டு. "அப்ப மண்ணைச் சரி பண்ணுங்க" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஏரிக்கரையாக இருந்த இடத்தில் நிற்கிறது. அடியில் களிமண். அதற்கு மேல், வீடு கட்டியவர்கள் அன்போடு விட்டுச் சென்ற செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, டைல்ஸ் உடைசல். மண்வெட்டியைப் போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும். முதல் வாரம் நான் செய்தது விவசாயம் அல்ல, அகழாய்வு. கீழடிக்கு ஈடாகாது என்றாலும், ஒரு கரண்டி, ஒற்றைச் செருப்பு, மேஸ்திரி தேடித் தேடி என் மேல் சந்தேகப்பட்ட தூக்குக்குண்டு எல்லாம் கிடைத்தன.

அடுத்து, மண்ணின் தரம் அறியும் சோதனை. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி மட்டும் ஒரு நாள் ஆனாலும் மிதந்துகொண்டிருக்கும். இதற்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தது என் தவறு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, சுக்குக் காப்பி ஆறிப் போச்சே, சூடு பண்ணட்டுமா?" என்றார். மறுநாள் காலையிலும் அது காப்பி நிறத்திலேயே இருந்தது. அசல் களிமண்.

களிமண்ணில் மணலைக் கலந்தால் இளகிவிடும் என்று என் அறிவு சொல்லியது. மாடியில் மிச்சமிருந்த எம்-சாண்டை நாலு சட்டி கொட்டி, மழை பெய்த மறுநாள் ஈரத்தோடு கொத்திப் புரட்டினேன். ஒரு வாரம் வெயில் அடித்தது. களியும் கொஞ்சம் மணலும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தச் செங்கல் சூளையிலும் கேட்டிருக்கலாம். அதுவும் ஈரக் களியை மிதித்துக் கொத்தினால், காற்றுப் போகும் துளையெல்லாம் அடைபட்டு இறுகிப் போகும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில்தான் கொத்த வேண்டும். என் உருண்டையைத் தட்டியபோது விரல்தான் வலித்தது.

எரு வாங்கச் சொன்னாள் மனைவி. செலவைத் தவிர்க்க வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறாரே! அவள் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன். "அதுக்கு அடுத்த குறளையும் படிங்க. உழுவதைவிட எரு இடுவது நல்லதுங்கிறார்" என்றாள். இரண்டு அடி தள்ளி அவர் இப்படிக் காலை வாருவார் என்று யார் கண்டது?

பால்காரரிடம் சொல்லி ஐந்து மூட்டை சாணம் இறக்கினேன். "சார், பச்சைச் சாணி. மூணு மாசம் குழியில மக்கட்டும்" என்றார். மூன்று மாதம் காத்திருக்கிறவன் ஏன் தோட்டம் போடுகிறான்? அன்றே தக்காளி நாற்றின் தூரில் வைத்தேன். பச்சைச் சாணம் மக்கும்போது வரும் சூட்டில் நாற்றுகள் வாடி விழுந்தன. மிச்சச் சாணத்தைக் குவித்து வைத்தேன். சில வாரம் கழித்துக் கிளறினால், உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெளேரென்று புழுக்கள்! மண்புழுவே வந்துவிட்டது, அதுவும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த மண்புழு என்று பூரித்துப் போனேன். தினமும் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி வளர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்துப் பதறினார். "சார், இது காண்டாமிருக வண்டோட புழு. என் தென்னங்குருத்தைத் துளைக்கிறது எங்கேயிருந்து வருதுன்னு ஆறு மாசமாத் தேடறேன்!"

உறவைச் சரிசெய்யப் பஞ்சகவ்யம் தயாரித்தேன். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஐந்தையும் ஊறவைத்து நாள்தோறும் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். நல்ல பொருள்தானே என்று நான் 300 ஊற்றினேன். செடிகள் என்ன நினைத்தன என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

கடைசியில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க முடிவு செய்தேன். 'V' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணைச் சேர்த்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோ எடுக்க வேண்டும். எருக்குவியலுக்குப் பக்கத்தில் எடுக்கவே கூடாது. நான் அங்கேதான் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கெட்டிக்காரப் பையனை முதல் பெஞ்சில் உட்கார வைப்பதில்லையா? அப்படியும் கார அமில நிலை 8.4 என்று வந்தது. சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருந்த காரம். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் மண் சோடா போல நுரைத்தது. காரம் மிகுந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகப் போகும். சாட்சியமே கிடைத்துவிட்டது. மண் சரியில்லை! அந்தத் தாளைப் பூஜை அறையில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"களருக்குத் தக்கைப்பூண்டு விதைங்க சார். பூக்கும்போது மடக்கி மண்ணோடு மண்ணா மிதிச்சு விட்டுடுங்க" என்றார் பால்காரர். விதைத்தேன். என் வாழ்க்கையில் நான் விதைத்து, முளைத்து, வளர்ந்த முதல் பயிர் அதுதான். நாற்பத்தைந்து நாளில் தலை உயரம், மஞ்சள் பூ. வந்தவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினேன். இதையா வெட்டிப் புதைப்பது? மனம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப் போட்டதில் தண்டெல்லாம் விறகாகிவிட்டது. மடக்கி உழ வேண்டிய பயிரைக் கோடாலியால் வெட்டியவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.

மறுபோகத்தைத் தக்க சமயத்தில் மனைவியே அறுத்தாள். மக்கிய எருவைக் கலந்தாள். தெருவில் கூட்டிய வேப்பிலை, மாவிலைச் சருகை மேலே மூடாக்காகப் பரப்பினாள். நான் மேற்பார்வை பார்த்தேன். அடுத்த ஆடிக்குள் மண் கறுத்துப் பொலபொலவென்றாகிவிட்டது. சருகை விலக்கினால் நிஜ மண்புழு, மெலிந்தது, நெளிந்தது. இரண்டாவது பரிசோதனையில் 7.4. எருக்குவியலுக்கு எட்டத்தில் எடுத்த மண், ஏனென்றால் எடுத்தது அவள்.

அவள் பாத்தியில் கீரை வந்தது. என் பாத்தியில், அதே மண்ணில், அதே எருவில், நான் வைத்த கத்தரி தலை சாய்ந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, இப்ப எது சரியில்லை?"

மண் என்னைப் பார்த்தது. நான் மண்ணைப் பார்த்தேன். இத்தனை வருடம் என் பழியையெல்லாம் சுமந்த நல்ல ஜீவனை நானே காசு கொடுத்துத் திருத்தி, எனக்கு எதிரான சாட்சியாக்கி வைத்திருக்கிறேன்.

"நாற்று சரியில்லை" என்றேன்.

"நாற்று விட்டது நீங்கதானே?"

நல்ல வேளை, அப்போது குழாயில் தண்ணீர் நின்றது. சரியில்லாத ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது.