காரா, வீடா?

கேள்வி: கனவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டே முதல் வீட்டுக்கும் சேமிக்க முடியுமா?

பதில்: முடியும், வங்கி மேலாளரும் அதே கனவைக் கண்டால். ஒருவரின் மாத வருமானத்தில் ஏற்கெனவே உள்ள தவணைகளைக் கழித்து, எஞ்சியது எவ்வளவு கடனைத் தாங்கும் என்று வங்கி போடும் கணக்கே ‘கடன் தகுதி’ எனப்படுகிறது. 9 சதவீத வட்டியில், 7 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 30 லட்ச ரூபாய்க் கார் கடனுக்கு மாதத் தவணை சுமார் 48,000 ரூபாய். அதே மாதத் தவணை, அதே வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடனுக்குச் சென்றிருந்தால் ஏறக்குறைய 53 லட்சத்தைத் தாங்கியிருக்கும் என்பதால், கார்க்காரர் தம் இரண்டு படுக்கையறைகளையும் சேர்த்தே ஓட்டிச் செல்கிறார். நான்கு ஆண்டு கடந்த காரைக் காப்பீட்டு நிறுவனம் பாதி விலைக்கே மதிக்கும் (நம்மூர் வேகத்தடைகள் அதற்கு முன்பே மதித்துவிடும்). ஆகவே முதலில் பத்திரப்பதிவு; பிறகு, வேறொருவர் பாதி விலையை இழந்து முடித்த கார்.